அலுவலக நாற்காலி, மேசை, கணினித் திரை: பணியிட மதிப்பீடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை, கிண்டி, அம்பத்தூர்ப் பக்கத்து அலுவலகங்களுக்குப் பணியிட மதிப்பீட்டுக்காகச் செல்லும்போது, எந்தத் தளத்திற்குப் போனாலும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் கேட்க நேர்கிறது. அவற்றைத் தொகுத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சு நடையிலேயே விட்டுவிட்டேன். நாளின் பெரும்பகுதியைக் கணினி முன் அமர்ந்து கழிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. கிடங்கிலும் தொழிற்கூடத்திலும் சுமை தூக்குவோரின் சிக்கல்கள் வேறு வகையானவை.

1. எர்கனாமிக்ஸ்னா நல்ல சேர் வாங்கிப் போடறதுதானே?

நாற்காலி அதில் ஒரு பகுதி மட்டுமே. வேலை செய்பவரின் உடலளவுக்கும் வேலையின் தன்மைக்கும் பொருந்தும்படி மேசை, நாற்காலி, திரை, விசைப்பலகை, மவுஸ், வெளிச்சம், இடைவேளை ஆகிய அனைத்தையும் சேர்த்து அமைப்பதே எர்கனாமிக்ஸ். நாற்காலியை மாற்றித் தரும்படி கேட்பவர்களின் இடத்தை அளந்து பார்த்தால், பெரும்பாலும் சிக்கல் மேசையின் உயரத்தில் இருக்கிறது. மேசை உயரமாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நாற்காலியில் அமர்ந்தாலும் தோளைத் தூக்கிக்கொண்டுதான் தட்டச்சு செய்ய வேண்டும்.

கடைக்காரர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்லும் பிஃப்மா சான்றைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அலுவலக அறைகலன் உற்பத்தியாளர்களின் சங்கம் வகுத்த சோதனைகளில் அந்த நாற்காலி உடையாமல், கவிழாமல் தாங்கியது என்பதையே அச்சான்று முதன்மையாகத் தெரிவிக்கிறது. அது உங்கள் தொடை நீளத்துக்குப் பொருந்துமா என்பதை உட்கார்ந்து பார்த்துத்தான் அறிய முடியும்.

2. அசெஸ்மென்ட்னு வந்து என்னதான் பண்ணுவீங்க? எவ்வளவு நேரம் ஆகும்?

ஒருவருக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை ஆகும். முதல் பத்து நிமிடங்களுக்கு நான் எதையும் அளப்பதில்லை; வழக்கமான வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். மதிப்பீட்டாளர் வந்ததும் எல்லோரும் பள்ளிப் பிள்ளைகளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். வேலையில் மனம் ஊன்றிய பிறகே உண்மையான தோரணை வெளிப்படும்: ஒருவர் திரையை நோக்கி மோவாயை நீட்டுவார், இன்னொருவர் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்வார்.

அதன் பிறகு அளவு நாடாவை எடுத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு, முழங்கை, கண் ஆகியவற்றின் உயரங்களையும், மேசையின் உயரத்தையும், கண்ணிலிருந்து திரை வரையிலான தொலைவையும் குறித்துக்கொள்வேன். எந்த வேலையில் எவ்வளவு நேரம் போகிறது, எப்போது வலி தொடங்குகிறது, எந்த நாட்களில் குறைகிறது என்றும் கேட்பேன். தோரணைக்கு மதிப்பெண் போடும் முறைகளும் உண்டு. 1993இல் பிரிட்டனில் உருவான ரூலா கழுத்து, தோள், கை ஆகியவற்றை முதன்மையாகப் பார்த்து 1 முதல் 7 வரை எண் தருகிறது. 2012இல் வெளியான ரோசா அலுவலகக் கணினி வேலைக்கென்றே செய்யப்பட்டது. யாருடைய இடத்தை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்க எண்கள் உதவும். ஆனால் அறிக்கையில் எண் மட்டும் இருந்து, எதை எத்தனை சென்டிமீட்டர் மாற்ற வேண்டும் என்பது இல்லையென்றால் அந்த அறிக்கையால் பயனில்லை.

3. எனக்கு வலியே இல்லை. நான் எதுக்கு இதுக்கு உட்காரணும்?

கட்டாயமில்லை. ஆனால் இடம் மாறும்போதும், புது மேசை வரும்போதும், வேலையின் தன்மை மாறும்போதும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வலியில்லாதவர்களுக்கு நிறுவனங்கள் இணையத்தில் அனுப்பும் வினாப்பட்டியலே முதல் சல்லடையாகப் போதும். வலி இருப்பவர்களுக்கும், மிகக் குட்டையானவர், மிக நெட்டையானவர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கும் அந்தப் பட்டியல் போதாது; நேரில் பார்க்க வேண்டும்.

4. சேரை இறக்கினா கால் தரையில படுது, ஆனா கை எட்டலை. ஏத்தினா கை சரியா வருது, கால் தொங்குது. எதைப் பார்க்கறது?

இதுதான் எல்லாவற்றுக்கும் மூலமான கேள்வி. கையை முதலில் பாருங்கள். காலுக்கு வேறு வழி செய்துகொள்ளலாம். தோள்கள் தளர்ந்து, மேற்கைகள் உடலை ஒட்டித் தொங்க, முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் மடிந்திருக்கும் நிலையில் விசைப்பலகை முழங்கை உயரத்திலோ சற்றுத் தாழ்வாகவோ இருக்க வேண்டும். அந்த நிலை வரும்வரை நாற்காலியை உயர்த்துங்கள். பிறகு கால் எவ்வளவு தொங்குகிறதோ அவ்வளவு உயரத்துக்குப் பாதத்தின் அடியில் ஏதேனும் வையுங்கள்.

இந்தத் தொல்லை ஏன் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் அலுவலகங்களில் போடப்படும் மேசைகளின் உயரம் பொதுவாக 73 முதல் 75 செ.மீ. வரை, அதையும் மாற்ற முடியாது. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் பாதம் முழுவதும் தரையில் படும்படி அமர்ந்தால், அவருடைய முழங்கை தரையிலிருந்து 60 செ.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். இடையில் உள்ள பதின்மூன்று முதல் பதினைந்து செ.மீ. வேறுபாட்டைத் தோளைத் தூக்கியோ கையை அகல விரித்தோ அவர் நாள் முழுவதும் ஈடுகட்டுகிறார். ஐந்தடி எட்டு அங்குல ஆணுக்குக்கூட அந்த மேசை சில செ.மீ. உயரமானதே. 75 செ.மீ. என்பது தாளில் எழுதுவதற்குத் தோதான உயரம். தட்டச்சுப் பொறிக்கென்று முன்பு செய்த மேசைகள் அதைவிடத் தாழ்வாகவே இருந்தன. பழைய கணினி மேசைகளிலும் பலகைக்கு அடியில் இழுத்துக்கொள்ளும் கீபோர்டு ட்ரே இருந்தது. பார்வைக்கு அழகாக இல்லை என்று இன்றைய மாடுலர் மேசைகளில் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ட்ரே இருக்கும் இடங்களில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மவுஸும் ட்ரேயிலேயே இருக்க வேண்டும். விசைப்பலகை கீழேயும் மவுஸ் மேலேயும் இருந்தால் வலது தோள் தப்பாது.

ஃபுட்ரெஸ்ட் வாங்கும் முன் சோதித்துப் பார்க்க எளிய வழி, அச்சுப்பொறி அருகில் அடுக்கியிருக்கும் ஏ4 தாள் கட்டுகள். 500 தாள் கொண்ட ஒரு கட்டின் தடிமன் சுமார் 5 செ.மீ. இரண்டு கட்டுகளை அருகருகே வைத்து இரு பாதங்களையும் ஊன்றிப் பாருங்கள். போதவில்லையென்றால் ஒவ்வொன்றின் மேலும் இன்னொன்று. இரண்டு நாள் அப்படி இருந்து பார்த்த பிறகு, எத்தனை செ.மீ. உயரமுள்ள ஃபுட்ரெஸ்ட் வேண்டும் என்று அட்மின் பிரிவுக்குத் திட்டமாக எழுதலாம்.

5. நான் சேர் மேலேயே சம்மணம் போட்டுதான் உட்காருவேன். தப்பா?

சிறிது நேரம் அப்படி அமர்வதில் தீங்கில்லை. ஆனால் ஏன் அப்படி அமர்கிறீர்கள் என்று பாருங்கள். கால் தரையை எட்டாதவர்கள்தான் பெரும்பாலும் காலை மேலே மடித்துக்கொள்கிறார்கள், அல்லது நாற்காலியின் சக்கரக் கால்கள் மீது பாதத்தை ஊன்றிக்கொள்கிறார்கள். நான்காம் விடையில் சொன்னபடி காலுக்குத் தாங்கல் கொடுத்தால் இந்தப் பழக்கம் பலருக்குத் தானாகக் குறைகிறது.

இன்னொரு காரணம் இருக்கையின் ஆழம். முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபின் இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். அது இல்லாதவர்கள் விளிம்பு அழுத்துவதால் முன்னால் நகர்ந்து அமர்வார்கள். முதுகு சாய்மானம் பின்னால் சும்மா இருக்கும். இருக்கையை முன்பின் நகர்த்தும் வசதி இல்லாத நாற்காலியில், இடுப்புக்குப் பின்னால் கெட்டியான ஒரு சிறு திண்டு வைப்பதே வழி.

6. முதுகை 90 டிகிரில நேரா வெச்சுக்கணும்னு சின்ன வயசுலேருந்து சொல்றாங்களே?

அப்படி விறைப்பாக நெடுநேரம் இருக்க யாராலும் இயலாது, தேவையும் இல்லை. 1960களில் சுவீடனின் எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் முதுகெலும்பின் இடைத்தட்டுகளில் உள்ள அழுத்தத்தை ஊசி செலுத்தி அளந்தார். சாய்மானமின்றி அமரும்போது அழுத்தம் நிற்கும்போதைவிடக் கூடுவதாகக் கண்டார். பின்னால் வந்த அளவீடுகள் அந்த வேறுபாடு அவ்வளவு பெரிதல்ல என்று காட்டினாலும், சாய்ந்து அமர்ந்தால் முதுகின் சுமை குறையும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சாய்மானத்தை 100 முதல் 110 டிகிரி வரை சற்றுப் பின்னோக்கி வைத்து, முதுகை அதன்மேல் உண்மையாகவே சாய்த்துக்கொள்ளுங்கள். சாய்வைப் பூட்டி வைக்காமல், அவ்வப்போது முன்னும் பின்னும் ஆடவிடுவது இன்னும் நல்லது.

7. மானிட்டர் எங்க இருக்கணும்? எனக்கு ரெண்டு மானிட்டர் வேற.

கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தொலைவு. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ. இரண்டு திரைகளையும் சம அளவில் பார்ப்பவர் இரண்டும் சேரும் கோட்டை மூக்குக்கு நேராக வைத்து, இரண்டையும் சற்று உட்புறமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒன்றை அதிகமாகவும் மற்றதை எப்போதாவதும் பார்ப்பவர், அதிகம் பார்ப்பதை நேர் எதிரிலும் மற்றதைப் பக்கத்திலும் வைக்கலாம். கழுத்தின் ஒரே பக்கம் வலிக்கிறது என்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ப்ரோக்ரசிவ் அல்லது பைஃபோகல் கண்ணாடி அணிபவர்களுக்கு மேற்கண்ட உயர விதி பொருந்தாது. அருகில் உள்ளதைப் பார்க்கும் பகுதி கண்ணாடியின் அடியில் இருப்பதால், கண் மட்டத்துத் திரையைப் படிக்க அவர்கள் மோவாயை உயர்த்திக் கழுத்தைப் பின்னால் மடிக்க வேண்டியிருக்கும். அவர்கள் திரையை நன்றாக இறக்கி, மேற்பக்கம் பின்னோக்கிச் சாயும்படி வைக்க வேண்டும். கணினித் தொலைவுக்கென்று தனிக் கண்ணாடி எழுதித் தரும்படி கண் மருத்துவரிடம் கேட்பது அதைவிட நல்ல தீர்வு. போகும்போது கண்ணிலிருந்து திரை வரையிலான தொலைவை அளந்து, எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

8. லேப்டாப் மட்டும்தான் குடுத்திருக்காங்க. குனிஞ்சா கழுத்துல 27 கிலோ எடை விழும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

அந்த எண் 2014இல் வெளியான ஒரு கணக்கீட்டிலிருந்து வந்தது. தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பில் ஏற்படும் விசை எவ்வளவு என்று மாதிரி ஒன்றை வைத்துக் கணித்தார்கள். யாருடைய கழுத்திலும் அளந்து பார்த்ததல்ல. குனிந்த நிலையில் கழுத்துத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன என்பது மெய். அதற்காகக் கழுத்து நொறுங்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம்.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால் ஒன்றைச் சரியான உயரத்தில் வைத்தால் மற்றது கெடும். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்துபவர்களுக்குத் தனி விசைப்பலகையும் மவுஸும் தேவை. அவை வந்துவிட்டால் மடிக்கணினியைத் தாங்கி ஒன்றின் மீதோ, நான்காம் விடையில் சொன்ன தாள் கட்டுகளின் மீதோ உயர்த்தி வைக்கலாம். விசைப்பலகை இல்லாமல் தாங்கி மட்டும் வாங்கித் தரும் அலுவலகங்கள் உண்டு. அது கழுத்து வலியை மணிக்கட்டுக்கு மாற்றும் ஏற்பாடு.

9. கை விரல் மரத்துப் போகுது. மவுஸ்தான் காரணமா?

எந்த விரல் என்பது முக்கியம். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப் போனால், குறிப்பாக இரவில் விழிப்பு வந்து கையை உதற வேண்டியிருந்தால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும் கார்பல் டனல் சிக்கலாக இருக்கலாம். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் முழங்கையருகே செல்லும் வேறொரு நரம்பை நினைக்க வேண்டும். கைப்பிடியின் மீதோ மேசை விளிம்பிலோ முழங்கையை ஊன்றும் பழக்கம் அதற்குக் காரணமாகலாம். எல்லா விரல்களும் மரத்தால் கழுத்தையும் பார்க்க வேண்டும்.

மவுஸை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, கர்ப்பம் ஆகியவற்றோடும் கார்பல் டனல் தொடர்புடையது. ஆகவே மருத்துவரைப் பாருங்கள். அதே வேளையில் மவுஸை விசைப்பலகைக்கு ஒட்டி இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். வலப்புற எண் விசைகளைப் பயன்படுத்தாதவர்கள் அவை இல்லாத குறுகிய விசைப்பலகைக்கு மாறினால் கை அகலப் போகாது. மெத்தென்ற மணிக்கட்டுத் திண்டு தட்டச்சுக்கு நடுவே ஓய்வெடுக்கத்தான். மணிக்கட்டை அதில் அழுத்திக்கொண்டே தட்டச்சு செய்யக் கூடாது.

10. சாயந்திரமானா கண் எரியுது. ப்ளூ லைட் கண்ணாடி போடலாமா?

2023இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகள் கணினியால் வரும் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடிவு கூறியது. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்து கண் வறள்கிறது. தலைக்கு மேல் ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தால் இன்னும் மோசம். காற்றுத் தடுப்பைத் திருப்பச் சொல்லுங்கள். சன்னல், கணினித் திரைக்குப் பின்னாலோ உங்கள் முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்புங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தொலைவில் உள்ள எதையேனும் இருபது விநாடி பாருங்கள்.

11. நின்னுக்கிட்டே வேலை பார்க்கற டேபிள் வாங்கிட்டா எல்லாம் சரியாயிடுமா?

நின்றுகொண்டே இருப்பதன் விளைவை ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நிற்பவர்கள் நன்கறிவார்கள்: கால் வீக்கம், நரம்புச் சுருள், இடுப்பு வலி. நின்று அமரும் மேசையின் உண்மையான பயன், மாறி மாறி இருக்க முடிவதே. அரை மணி அமர்ந்து, பத்துப் பதினைந்து நிமிடம் நிற்பது போதும். அதைவிடவும் எனக்கு அந்த மேசை பிடிப்பது வேறொரு காரணத்துக்காக: 60 செ.மீ. அளவுக்கு இறங்கக்கூடியதாகப் பார்த்து வாங்கினால், நான்காம் விடையில் சொன்ன தொல்லை ஒரு பொத்தானில் தீர்ந்துவிடும். பல மாதிரிகள் 70 செ.மீ.க்குக் கீழே இறங்குவதில்லை. வாங்கும் முன் எவ்வளவு ஏறும் என்பதைவிட எவ்வளவு இறங்கும் என்று கேளுங்கள்.

12. எங்க ஆஃபீஸ்ல நிரந்தர சீட்டே கிடையாது. தினம் ஒரு இடம்.

அப்படியானால் உங்கள் அளவுகளை நீங்கள்தான் சுமக்க வேண்டும். இருக்கையின் உயரம், காலுக்குத் தேவையான தாங்கலின் உயரம், திரையின் தொலைவு ஆகிய மூன்றையும் கைப்பேசியில் குறித்து வையுங்கள். காலையில் இரண்டு நிமிடம் செலவிட்டால் போதும். கைப்பிடிகள் மேசை விளிம்பில் இடித்து நாற்காலியை உள்ளே இழுக்க விடாமல் செய்கின்றனவா என்றும் பாருங்கள். இறக்க முடியாத கைப்பிடியுள்ள நாற்காலியை விட்டு வேறொன்றை எடுப்பது நல்லது.

13. வீட்ல டைனிங் டேபிள்தான். அதுக்கு என்ன பண்றது?

சாப்பாட்டு மேசையும் ஏறத்தாழ 75 செ.மீ. உயரம்தான், நாற்காலியை உயர்த்த முடியாது என்பது கூடுதல் குறை. கெட்டியாக மடித்த ஜமுக்காளத்தை இருக்கையில் போட்டு உயர்த்திக்கொண்டு, காலடியில் மணையைப் போட்டுக்கொள்ளுங்கள். முதுகுக்கும் திரைக்கும் ஐந்தாம், எட்டாம் விடைகளில் சொன்னவை பொருந்தும். கட்டிலில் மடிக்கணினியோடு படுத்து வேலை செய்வதைத்தான் எவ்வகையிலும் சரிசெய்ய முடிவதில்லை. தரையில் அமரப் பழகியவர்கள் சுவரில் சாய்ந்து தாழ்ந்த சாய்வு மேசையை வைத்துக்கொள்ளலாம். கணக்கர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் பேரேடு எழுதினார்கள், ஆனால் அவ்வப்போது எழுந்தார்கள்.

14. இதெல்லாம் கம்பெனி சட்டப்படி செஞ்சே ஆகணுமா?

பிரிட்டனில் ஆம். அங்கு 1993 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள திரைக்கருவி விதிகளின்படி, அன்றாட வேலையில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து கணினித் திரையைப் பயன்படுத்துபவரின் பணியிடத்தை முதலாளி மதிப்பீடு செய்தாக வேண்டும். கேட்டால் கண் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்நாட்டு நிறுவனங்களின் சென்னைக் கிளைகள் சிலவற்றில் அதே வினாப்பட்டியல் வருவதற்குக் காரணம் இதுதான்.

இந்தியாவில் கணினி மேசைக்கென்று அப்படி நேரடியான விதி கிடையாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, காயமோ தொழில்வழி நோயோ விளைவிக்கும் கேடுகள் இல்லாத பணியிடத்தைத் தரும் கடமையை முதலாளிக்குப் பொதுவாக விதிக்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22அ பிரிவைச் சேர்த்து, ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்றார்கள். கடைகளில் நாள் முழுவதும் நிற்க வைக்கப்பட்டவர்களுக்காக வந்த பிரிவு அது. நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுக்குப் போகவில்லை. மாற்றுத்திறனாளிகளின் நிலை வேறு: 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் அரசு நிறுவனங்கள் அவர்களுக்கு உரிய நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று கட்டாயமாக்குகிறது.

15. ஹெச்ஆர்கிட்ட கேட்டா குறை சொல்ற ஆள்னு நினைக்க மாட்டாங்களா? ரிப்போர்ட்ல என் உடம்பு விஷயமெல்லாம் போகுமா?

நாற்காலியின் பிராண்டைச் சொல்லிக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அது செலவு பற்றிய பேச்சாகிவிடும். "என் மேசை 75 செ.மீ., என் முழங்கை 61 செ.மீ., மதியத்துக்கு மேல் வலது தோள் வலியால் வேலை தடைப்படுகிறது, மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள்" என்று மின்னஞ்சலில் எழுதினால், மறுப்பதற்கு இடம் குறைவு. மருத்துவர் கடிதம் இருந்தால் இணையுங்கள், இல்லையென்றாலும் கேட்கலாம். மேலாளர் வழியாக வாய்மொழியில் கேட்பது பெரும்பாலும் அவரிடமே நின்றுவிடுகிறது.

அறிக்கை யாருக்குப் போகும் என்பதை மதிப்பீடு தொடங்கும் முன் கேளுங்கள். நான் இரண்டு படிகள் தயாரிப்பேன்: வலி, நோய், மருந்து பற்றிய குறிப்புகள் ஊழியரின் படியில் மட்டும் இருக்கும், நிறுவனத்தின் படியில் மாற்ற வேண்டியவை மட்டும் இருக்கும். கர்ப்பமாக இருப்பதை இன்னும் அலுவலகத்தில் சொல்லாத பெண்களுக்கு இது மிகவும் முக்கியம். உங்கள் மதிப்பீட்டாளர் அப்படிச் செய்யவில்லையென்றால், செய்யும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

16. நீங்க சொன்னது எல்லாம் மாத்தியாச்சு. வலி மட்டும் போகலை. இப்ப?

மாற்றங்களுக்கு நான்கு முதல் ஆறு வாரம் கொடுங்கள். அதன் பின் மறுபார்வை வேண்டும். அப்போது நான் கேட்பது மேசையைப் பற்றியது அல்ல. எத்தனை மணி நேரம் எழாமல் இருக்கிறீர்கள், மாத முடிவில் வலி கூடுகிறதா, விடுமுறையில் குறைகிறதா, வீடு திரும்ப இருசக்கர வண்டியில் எவ்வளவு நேரம், படுக்கையில் கைப்பேசி எவ்வளவு நேரம் என்பவைதான். அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் நான்கு மணி நேரம் அசையாமல் இருப்பவருக்கு வலி குறையாது. அந்த நிலையில் நிறுவனத்துக்கு நான் எழுதுவது வேலைப் பங்கீட்டையும் இடைவேளையையும் பற்றித்தான். அதை அட்மின் பிரிவு தீர்க்க முடியாது, மேலாளர்தான் தீர்க்க வேண்டும்.

சில அறிகுறிகளுக்கு மறுபார்வைக்காகக் காத்திருக்கக் கூடாது. கையிலோ காலிலோ பலம் குறைந்து பொருள் நழுவுவது, நடை தடுமாறுவது, படுத்தாலும் தணியாத இரவு வலி, வலியோடு காய்ச்சலோ காரணமற்ற எடை இழப்போ இருப்பது ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதுகு வலியோடு சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமற் போவதும், சிறுநீர் கழிக்கவே முடியாமற் போவதும், தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப் போவதும் அவசர நிலை. நாளை பார்க்கலாம் என்று தள்ளாமல் அப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.